மஸ்தான் பாய் ஜீப்பை உயர்த்திய கதை

மஸ்தான் பாயை நல்ல ஓட்டுநர் என்று நான் சொல்ல மாட்டேன். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சித்தேரி மலைக்கு ஜீப் ஓட்டியவர்களில் அவரைவிட லாவகமாக ஓட்டிய இரண்டு பேரையாவது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு ஜீப்பை ஐந்து அங்குலம் உயர்த்துவதற்குப் பதினான்கு மாதம் யோசித்த வேறொரு மனிதரை நான் கண்டதில்லை. மலை மேலிருந்த ஆரம்பப் பள்ளியில் எனக்கு வேலை. வாரத்தில் சந்தை நாளன்று மத்தியானம் அவருடைய ஜீப்பில்தான் ஏறுவேன். அதனால் அந்தப் பதினான்கு மாதத்தையும் நானும் அனுபவித்தேன்.

1985இல் அந்த மலைப்பாதையை யாரும் சாலை என்று சொல்லவில்லை. மண்ணும் கல்லும் வேருமாக ஏறிப் போகும். பாதி தூரத்தில் பாதையின் குறுக்கே ஒரு பாறை, படுத்த எருமையின் முதுகு மாதிரி உருண்டு கிடந்தது. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் சரிவு. சுற்றிப் போக வழியில்லை. ஆளில்லாத ஜீப் அதன்மேல் ஏறி இறங்கிவிடும். பதினெட்டு பேரும் மூட்டைகளும் ஏறினால் ஸ்பிரிங் பட்டைகள் அழுந்தி, முன் சக்கரம் பாறையைத் தாண்டியதும் ஜீப்பின் வயிறு பாறையில் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே அங்கே எல்லோரும் இறங்கி, ஐம்பது அறுபது தப்படி ஏறி நடந்து, மேலே போய் மறுபடி ஏற வேண்டும். மலைக்காரர்கள் அதற்கு எறங்குப்பாறை என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இறங்கி நடப்பதில் யாருக்கும் பெரிய கஷ்டமில்லை, பெரியம்மாளைத் தவிர. அறுபது வயதுக்காரி. புளியமரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு பிசகி, கட்டுப் போட்டவர் கோணலாகக் கட்டியதில் ஒரு கால் குட்டையாகிப் போனது. கைத்தடியோடுதான் நடப்பாள். சந்தைக்கு வாரம் தவறாமல் கடுக்காயும் தேனும் கொண்டு வந்து, தானே உட்கார்ந்து விற்பாள். எறங்குப்பாறையில் தடியை மேலே எறிந்துவிட்டு, இரண்டு கையையும் ஊன்றி, உட்கார்ந்தபடியே பின்பக்கமாக மேட்டில் ஏறுவாள். கைகொடுக்கப் போனால் கத்துவாள்.

"நானென்ன பொணமா, தூக்கறதுக்கு? தள்ளி நில்லுங்கடா."

ஒரு மழை நாளில் அப்படி ஏறும்போது சறுக்கிவிட்டாள். பெரிய காயமில்லை. உள்ளங்கை கிழிந்தது, தேன் குடுவை உடைந்தது. ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகு, ஈரச் சேலையில் கையைச் சுற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

"இனி நான் சந்தைக்கு வரலப்பா. ஊட்லயே கெடக்கறேன்."

மஸ்தான் பாய் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "ஆத்தா, அப்பிடி சொல்லாதீங்க. வண்டிய ஒசத்திடறேன். எறங்குப்பாறையில உங்கள எறக்க மாட்டேன்" என்றார்.

"எப்ப?"

"இந்தா, அடுத்த மாசம்."

அந்த வாக்கை நம்பித்தான் அவள் தொடர்ந்து வந்தாள். அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று பாறையில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிக்கொண்டும் இருந்தாள்.

பாய் சும்மா இருக்கவில்லை. அதுதான் எரிச்சல். சும்மா இருந்திருந்தால் சோம்பேறி என்று சொல்லி விட்டுவிடலாம். அவர் ஓயாமல் அளந்தார். வீட்டில் களி கிண்டுகிற துடுப்பை எடுத்து வந்து, எறங்குப்பாறையின் உயரத்தையும் ஜீப்பின் வயிற்றையும் அதில் சாக்பீஸ் கோடாகப் போட்டுக்கொண்டார். அவர் மனைவி ஜுபைதா துடுப்பைத் தேடித் தேடி ஒருநாள் ஜீப்பின் இருக்கைக்கு அடியில் கண்டெடுத்தார்.

"ஏங்க, வூட்ல களி எதுல கிண்டறது? உங்க ஜீப்பு சாவியிலயா?"

"கோட்ட மட்டும் அழிச்சிடாத, ஜுபைதா."

"அழிக்கல. அப்பிடியே கிண்டறேன். சாக்பீஸும் சேர்ந்து தின்னுங்க."

வழிகள் அவருக்கு நிறையக் கிடைத்தன. பட்டையின் முனையை வண்டியோடு கோக்கிற ஷேக்கிளை நீளமாகச் செய்து போட்டால் இரண்டு அங்குலம் உயரும் என்றார் ஒருவர். பாய் போய் அப்படிப்பட்ட ஜீப்பை ஓட்டிப் பார்த்தார். ஸ்டியரிங் நடுங்கியது. வேண்டாம். பட்டையோடு இன்னும் நாலு பட்டை சேர்த்துப் போடு என்றார் இன்னொருவர். அதையும் பார்த்தார். உயரம் வந்தது, ஆனால் ஆள் குறைவாக ஏறினால் உட்கார்ந்திருப்பவரைத் தூக்கித் தூக்கி எறிந்தது. பெரியம்மாளின் இடுப்பு தாங்காது. வேண்டாம். அச்சுக்குக் கீழே இருக்கும் பட்டையை அச்சுக்கு மேலே மாற்றிவிடு என்றார் மூன்றாமவர். அப்படிச் செய்தால் என்ஜினிலிருந்து அச்சுக்குப் போகும் சுழலும் தண்டு கோணலாகி உடையும் என்று பாயே பயந்து விட்டுவிட்டார். ஒவ்வொரு மறுப்பிலும் நியாயம் இருந்தது. நியாயமான மறுப்புகளாகவே ஒன்பது மாதம் ஓடிப் போனது.

அதன் பிறகு அந்தத் தாள் வந்தது. பெங்களூரிலிருந்து வந்த யாரோ விட்டுச் சென்ற வெளிநாட்டு மோட்டார் பத்திரிகையில் ஒரு பக்கம். அதைச் சட்டைப் பையில் நாலாக மடித்து வைத்திருந்தவர், ஜீப்பை வழியிலேயே நிறுத்தி என்னிடம் நீட்டினார்.

"வாத்தியாரே, இத படிச்சு சொல்லுங்க. நீளக் கை, நீளக் கைன்னு படத்துல காட்டியிருக்கான்."

படித்தேன். அச்சை வண்டியின் சட்டத்தோடு பிடிக்கிற இரும்புக் கை குட்டையாக இருந்தால், சக்கரம் சின்ன வட்டமாக ஏறி இறங்கும், வண்டி வெட்டி இழுக்கும். கை நீளமாக இருந்தால் சக்கரம் ஏறக்குறைய நேராக ஏறி இறங்கும். வண்டியை உயரத் தூக்கினாலும் உள்ளே இருப்பவருக்கு அதிராது. பாய் உடனே புரிந்துகொண்டார். முழங்கையை மடக்கி மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார். பிறகு தோளிலிருந்து முழுக் கையையும் நீட்டி ஆட்டினார். நீட்டிய கை பக்கத்திலிருந்த மாதப்பனின் மூக்கில் இடித்தது.

மாதப்பன் மலைக்காரர். வழக்கமாக மட்கார்டு மேல் உட்கார்ந்து வருபவர். மூக்கைத் தடவிக்கொண்டு, "பாய், கை நீளமாத்தானுங்க இருக்குது. வண்டிதான் நவுர மாட்டேங்குது" என்றார்.

அந்தப் பொருளை அமெரிக்காவிலிருந்து வரவழைக்க வேண்டும். விலை டாலரில் போட்டிருந்தது. பட்டை வைத்த ஜீப்புக்கு அது பொருந்தவும் பொருந்தாது. இதையும் படித்துச் சொன்னேன். அதற்குப் பிறகும் நான்கு மாதம் அந்தத் தாள் அவர் பையிலேயே இருந்தது. கிடைக்காத ஒன்றைக் கண்ட பிறகு கிடைக்கும் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. இதை மஸ்தான் பாயின் குறை என்று மட்டும் சொல்லிவிட முடியுமா என்று தெரியவில்லை. ஆனாலும் பாறையில் உட்கார்ந்து ஏறியது அவரில்லை.

கடைசியில் ஜுபைதாதான் முடித்து வைத்தார். தருமபுரியில் ஸ்பிரிங் பட்டறை வைத்திருந்த தன் தம்பி உசேனுக்கு ஆள் அனுப்பினார். உசேன் வந்தார், தாளைப் பார்த்தார், சிரித்தார்.

"மச்சான், இதுல என்னா இருக்குது? கை நீளமா வேணும், அவ்ளோதான? பழைய டெம்போ பட்டை உங்களுதவிட ஒரு ஜாண் நீளம். மெல்லிசு வேற. பட்டைய மாட்டற கொண்டிய பின்னால தள்ளி வெச்சு அத போட்டுட்டா ஒசரமும் வரும், மெத்துன்னும் இருக்கும். பிரேக் ஓசு கொழா மட்டும் கொஞ்சம் நீட்டணும்."

"பாரம் ஏத்துனா அழுந்திடுமே?"

"பாரம் ஏத்தியே அளந்துக்கங்க. உங்க துடுப்பு எங்க?"

உண்மையில் அப்படியே அளந்தார்கள். வேலை முடிந்ததும் பதினெட்டு பேர் எடைக்கு மணல் மூட்டை ஏற்றி, எறங்குப்பாறைக்குக் கொண்டு போய், வயிற்றுக்கும் பாறைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருப்பதை பாய் தரையில் படுத்துப் பார்த்தார். இறங்கும்போது, ஏறும்போது, ஈரத்தில், காய்ந்த தரையில் என்று மூன்று நாள் பார்த்தார். பட்டை, ஷேக்கிள், பிரேக் ஓசு, சுழலும் தண்டு, எல்லாம் அளந்தாயிற்று.

அடுத்த சந்தை நாள் மத்தியானம். காலையில் மலையிலிருந்து இறங்கும்போது ஜீப் இன்னும் கடைசிச் சோதனையில் இருந்ததால் பெரியம்மாள் வேறு வண்டியில் வந்திருந்தாள். கூடையோடு வந்து, ஜீப்பைப் பார்த்து நின்றாள். பாய் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பக்கத்தில் நின்றார்.

"ஏறுங்க ஆத்தா. இன்னிக்கு எறங்கற வேலையே இல்ல."

பெரியம்மாள் முன் இருக்கைக்குப் பக்கத்தில் போனாள். தடியை உள்ளே வைத்தாள். நல்ல காலைத் தூக்கினாள். கால் எட்டவில்லை. இருக்கைக் கம்பியைப் பிடித்து மறுபடி முயன்றாள். முன்பெல்லாம் முழங்கால் உயரத்தில் இருந்த தளம் இப்போது தொடைக்கு வந்துவிட்டது. குட்டைக் காலை ஊன்றி அந்த உயரம் எம்ப அவளால் முடியாது.

எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. பாய்க்கு விளங்கிய விதத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. பதினான்கு மாதம் அளந்தவர் அந்தக் காலை மட்டும் அளக்கவில்லை.

மாதப்பன் மெதுவாக இறங்கி வந்து, "நாம ரெண்டு பேரு ஒரு கை குடுத்தா..." என்று ஆரம்பித்தார்.

"தொட்டீன்னா தடி பேசும்" என்றாள் பெரியம்மாள். தடியை வெளியே எடுத்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வேறு ஜீப்பைத் தேடிப் போனாள். அந்த ஜீப்பும் எறங்குப்பாறையில் இறக்கத்தான் செய்யும் என்பது அவளுக்குத் தெரியும்.

அன்று பதினேழு பேரும் எறங்குப்பாறையில் இறங்காமல் போனோம். நாலு விரல் இடைவெளியில் ஜீப் பூப்போல ஏறி இறங்கியது.

மறுவாரம் பாய் இருக்கைக்குக் கீழே ஓர் இரும்புப் படி பற்றவைத்து வந்தார். பெரியம்மாள் அதில் கால் வைத்து ஏறினாள். பாய் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். எறங்குப்பாறையில் படி பாறையில் மாட்டி, வெடி வெடித்த சத்தத்தோடு பிய்ந்து சரிவில் உருண்டது. ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்க, எல்லோரும் இறங்க வேண்டியதாயிற்று. பெரியம்மாள் தடியை மேலே எறிந்துவிட்டு, கையை ஊன்றி, உட்கார்ந்தபடி ஏறினாள். மேலே போனதும் இருக்கையில் ஏறப் படி இல்லை. அங்கிருந்து ஊருக்கு இரண்டு மைல் நடந்தாள். பாய் ஜீப்பை அவள் பின்னாலேயே முதல் கியரில் உருட்டிக்கொண்டு வந்தார். "ஆத்தா, ஆத்தா" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். அவள் திரும்பவில்லை.

ஊர் எல்லையில்தான் நின்றாள். அங்கே மழைத்தண்ணீர் அரித்த ஒரு பள்ளம் பாதையோரமாக ஓடியது.

"பாயி, ஒண்ணு கேக்கறேன். இந்த வண்டி பள்ளத்துல எறங்குமா?"

"எறங்கும் ஆத்தா. எந்தப் பள்ளத்துலயும் எறங்கும்."

"எறக்கு."

இறக்கினார். ஜீப்பின் தளம் அவள் நின்ற மேட்டுக்குச் சரியாக வந்தது. ஒரு தப்படி வைத்து, வாசற்படி தாண்டுவது போல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.

"சந்தைக்கிட்ட சாக்கடை இருக்குதில்ல? அதுல நிறுத்து. நான் கல்லு மேல நிக்கறேன். இதுக்குப் போயி படி செஞ்சானாம், படி."

பாய் ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார்.

அடுத்த சந்தை நாளில் ஜீப்பின் இரண்டு சக்கரம் சாக்கடையில் நின்றது. வாசலை மறித்ததற்கு ஜவுளிக்கடைக்காரர் திட்டினார். பெரியம்மாள் கடை வாசல்கல்லிலிருந்து ஏறி உட்கார்ந்தாள். வழி நெடுக, கடுக்காயைக் குறைத்துக் கேட்ட ஒரு வியாபாரியைப் பற்றி மாதப்பனிடம் மூச்சு விடாமல் பேசிக்கொண்டு வந்தாள். எறங்குப்பாறை வந்தது. பாய் கியரை மாற்றினார். முன் சக்கரம் ஏறியது, பின் சக்கரம் ஏறியது, இறங்கியது. அவள் பேச்சு நடுவில் நிற்கவில்லை.

மூன்று திருப்பம் தாண்டிய பிறகு, "ஏம்பா பாயி, பாறை எப்ப வரும்?" என்றாள்.

"போயிடுச்சு ஆத்தா."

அவள் திரும்பிப் பார்த்தாள். மரங்கள்தான் தெரிந்தன.

"ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன? பாத்திருப்பேனில்ல" என்று சலித்துக்கொண்டாள்.

மாதப்பன் மட்கார்டிலிருந்து குனிந்து, "பாய், வண்டிய திருப்புங்க. ஆத்தாவுக்கு ஒருதரம் காட்டிட்டு வந்துடலாம்" என்றார்.

அந்த இடத்தில் பாதை கொஞ்சம் அகலம், வண்டியைத் திருப்ப இடமிருந்தது. மஸ்தான் பாய் ஒரு கணம் கண்ணாடியில் பின்னால் பார்த்ததை நான் கவனித்தேன்.