ஒத்தக் காலு வீங்கியிருக்கு

எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி வைத்திருப்பவன் நான். உங்களுக்குத் தெரியாததா? போன சனிக்கிழமை ஒன்றை எடுத்து விட்டேன்... அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

முத்தியால்பேட்டையில் எங்கள் எதிர்வீடு ஸ்டெல்லா. தையல் வேலை. ஒரே மகள் ஜெனி, ஏழு வயது. குழந்தைக்குச் சிறுநீரகக் கோளாறு. உடம்பில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரில் போய்விடும். முகம், கால் எல்லாம் வீங்கும். மாத்திரை கொடுத்தால் வடியும், சளி பிடித்தால் மறுபடி வீங்கும்.

தினமும் காலையில் மகளின் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, சூடு காட்டிப் பார்ப்பாள் ஸ்டெல்லா. தெளிவாக இருந்தால் நிம்மதி. திரிந்த பால் மாதிரி ஆனால் போச்சு! பார்த்ததை நோட்டில் எழுதி வைப்பாள்.

அன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, இடது காலு வலிக்குதாம். வீங்கியிருக்கு பாருங்க."

"அதான் அடிக்கடி வீங்குதே?"

"எப்பவும் ரெண்டு காலும்தான் வீங்கும். இது ஒத்தக் காலு. பயமா இருக்குண்ணா, ஆஸ்பத்திரிக்குப் போயிடட்டுமா?"

ஜெனி குறுக்கே புகுந்தாள். "மாமா, செருப்புக் கடையில ஒரு காலுக்கு மட்டும் பெரிய சைஸ் குடுப்பாங்களா?"

சிரித்துவிட்டேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்! ஆடுற புள்ள, சுளுக்கா இருக்கும் ஸ்டெல்லா."

கருவடிக்குப்பத்தில் சுளுக்கு வழிக்கும் அம்மா ஒருவர் உண்டு. என் வண்டியிலேயே இருவரையும் கூட்டிப் போனேன். விளக்கெண்ணெய் தடவி, காலை அழுத்தி உருவினார் அவர். குழந்தை கத்தியது. "வலிச்சாதான் விடும்" என்று காலைப் பிடித்துக்கொண்டது யார்? நான்தான்.

திரும்பும் வழியில், "மாமா... மூச்சு வரல" என்றாள்.

வண்டியை ஆஸ்பத்திரிக்குத் திருப்பினேன். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி — "யாராச்சும் காலை உருவுனீங்களா?"

இந்த நோயில், ரத்தம் உறையாமல் காக்கிற புரதமும் சிறுநீரோடு போய்விடுமாம். அதனால் காலில் ரத்தம் கட்டியிருக்கிறது. அந்தக் கட்டியை உருவி, நாங்களே நுரையீரலுக்கு அனுப்பி வைத்திருக்கிறோம்.

"ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா கை வைக்கவே கூடாதுங்க. நேரா இங்க வந்துடணும்."

"பொழைச்சுக்குவாளா?" என்றேன்.

"பாக்கலாம்."

ஐந்து நாளாக அந்த "பாக்கலாம்"தான். ஜெனி உள்ளே, ஆக்சிஜனோடு. வெளியே பெஞ்சில் ஸ்டெல்லா, கையில் ஜெபமாலை. நான் போனால் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுக்கிறாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டினால் தேவலை.

நேற்று அவள் பக்கத்திலிருந்த நோட்டைப் புரட்டினேன். சனிக்கிழமைப் பக்கம். நுணுக்கி எழுதியிருந்தாள்: 'திரிந்த பால். இடது கால் மட்டும் வீக்கம். பயம்.'

அரண்டவள் கண்ணுக்குப் பேய் சரியாகத்தான் தெரிந்திருக்கிறது.