தரையைக் காட்டச் சொன்னேன்

எனக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். என் பேச்சைக் கொஞ்சம் ஒழுங்குபண்ணி எழுதிக்கொள், ஆனால் ஆட்கள் பேசினதை மட்டும் பேசினபடியே விட்டுவிடு என்று சொல்லியிருக்கிறேன். "நீங்க ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சா ஒம்போது சொல்லுவீங்க, பேனா தாங்காது" என்றாள். தாங்குகிற வரைக்கும் எழுதட்டும்.

போன மே மாத லீவில் நாங்கள் தீம் பார்க்குக்குப் போனோம். சென்னைக்குப் போகிற வழியில் இருக்கிறது. டிவியில் விளம்பரம் வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். உயரத்திலிருந்து ஆட்கள் தண்ணீரோடு சறுக்கிக்கொண்டு வருவார்கள். கரும்பு வெட்டிக் கட்டித் தூக்கின இந்த இடுப்பு அதையெல்லாம் பார்க்கும் என்று நினைத்ததே இல்லை. அங்கே இருந்த ஒரு ராத்திரிக்கு எங்கே தங்குவது என்று எங்கள் வீட்டில் நடந்த பேச்சைத்தான் சொல்ல வந்தேன்.

என் மகள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய மூத்தவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். சின்னவனுக்கு நடைகூட வரவில்லை. இரண்டு பேரையும் எங்கள் ஊர் உறுவையாற்றுக்கு, என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மாப்பிள்ளைக்குத் திருபுவனை பக்கம் கம்பெனி வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. ஞாயிற்றுக்கிழமை வந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போவார். வந்தால் அந்த வாசல் படியிலேயே உட்கார்ந்திருப்பார், உள்ளே வரமாட்டார். உள்ளே அவள் படம் மாட்டியிருந்தது.

அவருக்கு இன்னொரு கல்யாணம் செய்துவைக்கலாம் என்று முதலில் சொன்னது நான்தான். பெண் பாகூர் பக்கம். மாத்திரை அட்டை பேக் பண்ணுகிற கம்பெனியில் வேலை. வாய் பேசாத பெண் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, என் வீட்டில் பேசப் பயம். கல்யாணமான பிறகு ஞாயிறுகளில் அவரோடு அவளும் வருவாள், இரண்டு பேரும் உள்ளே வந்து சாப்பிடுவார்கள். பிஸ்கட் நீட்டுவாள். சின்னவன் பிஸ்கட்டை மட்டும் வாங்கிக்கொண்டு என் புடவைக்குள் புகுந்துகொள்வான்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது பிள்ளைகள் அப்பா வீட்டுக்குப் போவதாகப் பேசி முடித்திருந்தோம். மூத்தவளைப் பற்றிக் கவலையில்லை, விவரம் தெரிந்தவள். சின்னவன்தான். அவனுக்குத் தூங்கும்போது என் முந்தானை நுனி கையில் இருக்கவேண்டும். அது இல்லாவிட்டால் விடிய விடிய அழுவான். அதற்கு முன்னால் ஒரு தடவை எல்லாரும் ஒன்றாக எங்கேயாவது போய்த் தங்கிவந்தால் பழகும் என்றுதான் மாப்பிள்ளை தீம் பார்க் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லை எடுத்து நடுவில் வைத்தார். அன்றைக்கு நான் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தேன், அவர் கை கழுவினது பாதி, கழுவாதது பாதி.

"அத்தை, மூணு எடம் பாத்து வெச்சிருக்கேன். நீங்க எதச் சொல்றீங்களோ அதான்."

"எனுக்கு இன்னா மாப்ள தெரியும் அதப் பத்தி? காட்டுங்க பாக்கலாம்."

முதல் இடம் பார்க்குக்குள்ளேயே இருந்தது. ஜன்னலைத் திறந்தால் சறுக்கு தெரியும். பிள்ளைகளுக்குத் தனியாக மாடிக் கட்டில், கீழே ஒன்று மேலே ஒன்று, ஏணி வைத்து, சுவரெல்லாம் யானை, ஒட்டகச்சிவிங்கி. மூத்தவள் அதைப் பார்த்ததும் செல்லைக் கையில் பிடுங்கிக்கொண்டாள். "எனுக்கு மேல் கட்டில்."

இரண்டாவது கடலோரத்து ஓட்டல். கதவைத் திறந்தால் நீச்சல் குளம். குளத்தைப் பார்த்ததுமே நான் தலையாட்டிவிட்டேன். சின்னவன் தாழ்ப்பாளைத் தானே திறக்கக் கற்றுக்கொண்டிருந்த சமயம் அது.

மூன்றாவது சவுக்குத் தோப்புக்குள் ஓட்டுக் கூரை போட்ட வீடுகள் மாதிரி. பார்க்குக்கு வண்டியில் போகவேண்டும். படத்தில் ஒரு பெரிய கட்டிலும் வெள்ளைப் போர்வையும், போர்வைமேல் துண்டில் செய்த வாத்தும் இருந்தன. அந்த வாத்தை எதற்குச் செய்கிறார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"மொத எடத்துலயே ரெண்டு ரூம் போட்டுடலாம் அத்தை" என்றார் மாப்பிள்ளை. "நடுவுல ஒரு கதவு இருக்குது. நீங்களும் பசங்களும் ஒரு பக்கம், நாங்க ரெண்டு பேரும் ஒரு பக்கம்."

அந்தப் பெண் தட்டில் இருந்த சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. நடுவில் கதவு வைத்த அறை எடுத்தால் சின்னவன் என்னோடுதான் தூங்குவான். இங்கே தூங்குவதை அங்கே போய்த் தூங்குவான். ஜூன் மாதம் அவள் கையில் கொடுக்கும்போது புதுசாகத்தான் கொடுக்கவேண்டும்.

எங்கள் வீட்டில் மகனும் மருமகளும் உள் அறையில் படுப்பார்கள். கூடத்தில் நாங்கள் மூன்று பேரும் வரிசையாகப் பாய் போட்டுப் படுப்போம். சுவர் ஓரம் நான், அப்புறம் சின்னவன், அப்புறம் மூத்தவள். படுக்கும்போதுதான் அந்த வரிசை. காலையில் பார்த்தால் சின்னவன் கால் மூத்தவள் வயிற்றில் இருக்கும், மூத்தவள் தலை பாயை விட்டு வெளியே இருக்கும். கட்டில் என்றால் அவரவர் எல்லை அவரவருக்கு. பாயில் எல்லை கிடையாது. முழித்திருக்கும்போது அவளிடம் போகாத பிள்ளை, தூக்கத்தில் உருண்டாவது போகட்டும் என்று நினைத்தேன்.

"மாப்ள, ஒரே ரூமு. நீங்க நாலு பேரும் ஒண்ணா. கட்டில் வாணாம், தரையில பாய் போட்டு."

"ரிசார்ட்டுல போயி பாயா?" என்று அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க வராம சின்னவன் வண்டியிலயே ஏற மாட்டானே அத்தை."

"வரேன். எனுக்குத் தனியா ஒண்ணு போடுங்க. நான் பக்கத்துல இருக்கறேன்."

சரி, எந்த இடம் என்று பார்த்தால் எந்தப் படத்திலும் தரை இல்லை. கட்டில் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, வாத்து இருக்கிறது, தரையைக் காணோம். முதல் இடத்தில் முழுக்கக் கம்பளம் விரித்து மூடிவைத்திருந்தார்கள். தோப்பு வீட்டில் மட்டும் ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு ஓடு தெரிந்தது. மூத்தவளை அந்த நம்பருக்குப் போன் போடச் சொன்னேன். அவள் முறைத்துக்கொண்டே போட்டாள்.

"சொல்லுங்க மேடம்" என்றான் அந்தப் பக்கத்தில் ஒருவன்.

"தம்பி, ரூம்ல தரை எம்மாம் இருக்குது?"

"ரூம் சைஸ் கேக்கறீங்களாம்மா?"

"சைஸு இல்லப்பா. கட்டில ஓரமா தள்ளிட்டா மிச்சம் எம்மாம் இருக்கும்? நாலு பாய் போடணும்."

"எக்ஸ்ட்ரா பெட் நாங்களே தருவோம்மா."

"பெட்டு வாணாம்பா. தரைய காட்டு."

"கட்டில் படம்தாம்மா எங்ககிட்ட இருக்குது. தரைய யாரும் கேட்டதில்ல" என்றான். நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் படம் வந்துவிட்டது. நல்ல பையன், கட்டிலைத் தள்ளிவிட்டே எடுத்திருந்தான். அகலமான தரை, வழவழவென்று. படத்தின் கீழ் ஓரத்தில் அவன் ஷூவின் மூக்கு இரண்டும் தெரிந்தன. மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். அந்தப் பெண்ணும் சிரித்தாள். என் வீட்டில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மூத்தவள் மட்டும் என்னோடு பேசவில்லை. மாடிக் கட்டில் போனது போனதுதானே. மறுநாள் தலை பின்னிவிடும்போது நானே சொன்னேன்.

"தம்பி சித்திகிட்ட படுத்துப் பழவணும்டி. அதுக்குத்தான்."

சடை முடிந்து ரிப்பன் கட்டும்போது கேட்டாள்: "அப்ப நீ ஆருகிட்ட படுப்ப ஆயா?"

"நான் இன்னா கொழந்தையா?" என்றேன். கை மட்டும் ரிப்பனை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டியது.

பாய்களைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு போனோம். மருமகள் கேலி செய்தாள், வீடு காலி பண்ணிக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது என்று. இதை எழுதும்போதும் சிரிக்கிறாள். தோப்பு வீட்டில் மேசைக்குப் பின்னால் நின்றிருந்த பையன் பாய்க்கட்டைப் பார்த்ததும், "தரை கேட்ட அம்மா நீங்கதானா?" என்றான். நான் அவன் ஷூவைப் பார்த்தேன். அதே ஷூ.

பார்க்கைப் பற்றிச் சொன்னால் பொழுது போதாது. பெரிய மோட்டார் டியூபில் உட்கார்ந்து சுற்றிச் சுற்றி வருகிற ஒரு வாய்க்கால். மூத்தவளோடு அதில் போனேன். முழுக்க நனைந்து, வாய் வலிக்கச் சிரித்தேன். என் மகள் இருந்திருந்தால், 'யம்மா, எறங்கு, சளி புடிக்கும்' என்றிருப்பாள். அந்த நினைப்பு வந்தபோதும் டியூப் சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

அங்கிருந்து பார்த்தால் குழந்தைகள் குளம் தெரியும். முழங்கால் தண்ணீர்தான். அந்தப் பெண் நடுவில் உட்கார்ந்து காளான் குடையிலிருந்து கொட்டுகிற தண்ணீரைக் கையில் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். சின்னவன் கரையிலேயே நின்றான். நான் இரண்டாவது சுற்று வரும்போதும் அப்படியே நின்றான்.

சாயங்காலம் சாப்பிட்டு முடித்து, கட்டிலை ஓரம் தள்ளி, நாலு பாயையும் விரித்தோம். இடம் சரியாக இருந்தது. யார் எங்கே என்று நான் சொல்லவில்லை, வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு பக்கத்து அறைக்கு வந்துவிட்டேன். சின்னவன் அழ ஆரம்பித்தான். சுவர் வழியாகக் கேட்டது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஆஸ்பத்திரி தவிர வேறெங்கும் நான் கட்டிலில் படுத்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் மூத்தவள் வந்து கதவைத் தட்டினாள்.

"ஆயா, ஒன் பையில இருக்கற பொடவை ஒண்ணு குடு. சித்தி கேட்டாங்க."

"இன்னாத்துக்குடி?"

"குடு சொல்றேன்."

போர்வை பற்றவில்லையோ, ஜன்னலுக்குத் திரை கட்டவோ என்று நினைத்து, வழியில் கட்டிவந்த பச்சைப் புடவையை எடுத்துக்கொடுத்தேன். தோய்த்ததைக் கொடுத்திருக்கலாம், கைக்கு முதலில் வந்தது அதுதான். அவள் போன பிறகு அழுகை இன்னும் கொஞ்சம் கேட்டது, பிறகு நின்றுவிட்டது. நின்றதும்தான் எனக்கு என்னவோ போல் இருந்தது. அது நிற்கவேண்டும் என்றுதானே இவ்வளவும் செய்தேன். ஆனாலும் காதைச் சுவர்ப் பக்கமே வைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கட்டிலை விட்டு இறங்கித் தரையில்தான் படுத்தேன்.

வெளிச்சம் வந்ததும் அவர்கள் கதவைத் தட்டினேன். மூத்தவள் திறந்தாள், உதட்டில் விரல் வைத்துக்கொண்டு. மாப்பிள்ளை சுவரைப் பார்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் முழித்திருந்தாள், ஆனால் எழுந்திருக்கவில்லை. எப்போதும் சுடிதார் போடுகிறவள், என் பச்சைப் புடவையைச் சுடிதாருக்கு மேலேயே எப்படியோ சுற்றிக்கொண்டு படுத்திருந்தாள். சின்னவன் அவன் பாயில் இல்லை. அவள் பாயில், அவள் முழங்கையில் தலை வைத்து, முந்தானை நுனியை முஷ்டியில் பிடித்துக்கொண்டு, வாய் திறந்து தூங்கினான்.

"நான்தான் சித்திகிட்ட சொன்னேன், முந்தானை வோணும்னு" என்றாள் மூத்தவள் என் காதில்.

அந்தப் பெண் மெல்லத் தலையைத் தூக்கினாள். "கை மரத்துப் போச்சும்மா. எடுத்தா முழிச்சிக்குவானோன்னு அப்படியே இருக்கறேன்." பிறகு, ஏதோ தப்புச் செய்தவள் மாதிரி, "பொடவைய நல்லா தொவைச்சி, இஸ்திரி போட்டுக் குடுத்துடுறேன்" என்றாள்.

அந்தப் பிள்ளை பிடித்துக்கொண்டு தூங்கினது என் வாசனையை. அது எனக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் மரத்துப்போன கை அவளுடையது.

"தொவைக்காத" என்றேன். "அப்படியே வெச்சிக்க. ஜூன் மாசம் வோணும்."

அவள் கண்ணைத் துடைக்கக்கூட ஒரு கைதான் இருந்தது. நானும் மூத்தவளும் காபி வாங்க வெளியே போனோம்.

பிள்ளைகள் போய் மூன்று மாதம் ஆகிறது. பச்சைப் புடவையை இன்னும் தோய்த்தாளா இல்லையா என்று நான் கேட்கவில்லை. மூத்தவள் போனில் சொல்கிறாள், சின்னவன் இப்போதெல்லாம் சுடிதார் துப்பட்டாவையும் பிடித்துக்கொள்கிறானாம். கூடத்தில் என் ஒரு பாய் போக மிச்சமெல்லாம் தரைதான். சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேரும் வந்துவிடுவார்கள். அதனால் வெள்ளிக்கிழமையே எல்லாப் பாயையும் வெயிலில் போட்டுத் தட்டி எடுத்துவைத்துவிடுவேன்.