பிள்ளை பிடிக்கப் போன மே மாதம்

ராஜபாளையத்தை அடுத்த ஈராசிரியர் பள்ளி ஒன்றில் நான் தலைமையாசிரியை. மே மாதம் வந்தால் எங்களுக்கு ஓய்வு கிடையாது. ஜூனில் சேர்க்கப் பிள்ளைகள் கேட்டுத் தெருத்தெருவாக அலைய வேண்டும். "ஏட்டி, பிள்ளை பிடிக்கிறவுக வாராக, கதவைச் சாத்து" என்று பெண்கள் கேலி பேசுவார்கள். நானும் சிரித்துவைப்பேன். உள்ளுக்குள் எரியும்.

அந்த வருடம் சிரிக்கவும் முடியவில்லை. பள்ளியில் மொத்தமே ஒன்பது பிள்ளைகள். எண்ணிக்கை கூடாவிட்டால் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளியோடு இணைத்துவிடுவோம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். யாரைக் குறை சொல்வது? மில் வேலையில் தலையெடுத்த குடும்பங்கள் ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொண்டன. அந்த ஒன்றையும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆங்கிலப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டன. நானும் ஒன்றே ஒன்று பெற்று அதே வேனில் ஏற்றியவள்தான்.

சத்துணவு சமைக்கும் அக்காவுக்குத்தான் தூக்கமே போயிற்று. கணவர் இல்லை, பள்ளியை மூடினால் தன்னை எங்கே தூக்கிப் போடுவார்களோ என்ற பயம். வெயிலில் அவரும் என்னோடு அலைந்தார். மில் சுவரை ஒட்டிய லைன் வீடுகளைத் தாண்டும்போது நின்றுவிட்டார்.

"உள்ள பிள்ளைக சத்தம் கேக்குதே டீச்சர்."

"அங்க வடக்கத்தி ஆளுகதானக்கா இருக்காங்க. நம்ம கணக்குல வராது."

"பிள்ளையில என்ன வடக்கு, தெக்கு? செத்த நேரம் இருங்க, பாத்துட்டு வாரேன்."

நாலு வருடமாக அந்தச் சுவரோரமாகத்தான் பிள்ளை தேடி நடந்திருக்கிறேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. உள்ளே பதினொரு பிள்ளைகள். உள்ளூரில் ஆள் கிடைக்காத மில்லுக்கு, ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். ஷிப்டுக்குப் போகும்போது இரண்டு பிள்ளைகளையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவதாக ஒரு தாய் சொன்னார். பள்ளிக்கூடம் உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்திருக்கிறார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. அன்றே பதினொரு பேரையும் எழுதிக்கொண்டேன். பட்டியலைப் பார்த்தபின் அதிகாரிகள் இணைப்புப் பேச்சை எடுக்கவில்லை.

பள்ளி திறந்த அன்று, அக்கா பழக்கதோஷத்தில் ஒன்பது பேருக்குத்தான் உலை வைத்திருந்தார். இருபது தட்டு வந்து நின்றதும் "ஏ ஆத்தே!" என்று பதறி இன்னொரு உலை வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே அரிசி களைந்தார். என்னக்கா என்றால், புகை என்றார். எங்கள் பள்ளியில் கேஸ் அடுப்பு.

மாலையில் அந்தத் தாய் மில்லிலிருந்து நேரே வந்தார். தலையெல்லாம் பஞ்சு. மில்லில் கற்ற தமிழில், "நன்றி டீச்சர்" என்று கைகூப்பினார். நான் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க வேலைக்கு வந்ததாலதாம்மா எங்களுக்கு வேலை இருக்கு. நாங்கதான் உங்களுக்கு நன்றி சொல்லணும்."

அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியவில்லை. என்ன சாப்பிட்டாய் என்று மகனிடம் கேட்கக் குனிந்துவிட்டார்.