செம்பருத்தியின் மறுபாதி

பிளஸ் டூவில் தாவரவியல் எடுத்த எனக்குப் பூவின் சொற்களெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. வண்ண இதழுக்கு அல்லி, அதைத் தாங்கும் பச்சை இதழுக்குப் புல்லி, அவரைப் பூவில் கொடியிதழ், சிறகிதழ், படகிதழ் என்று தூக்கத்திலும் சொல்வேன். படம்தான் வராது. நான் வரைந்த ஊமத்தையைப் பார்த்த தோழி, மண்ணெண்ணெய்ப் புனல் என்றாள். பாடப்படி அது புனல் வடிவ அல்லிதான் என்பதால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

ரெக்கார்டு நோட்டில் டீச்சர் கையெழுத்து இல்லாவிட்டால் செய்முறைத் தேர்வுக்கு விடமாட்டார்கள். செம்பருத்தி ஒன்றுதான் பாக்கி. பட்டுச் சேலைகளுக்குக் கிராப் தாளில் பூ வரைவதுதான் அப்பாவின் வேலை. அவரிடம் கெஞ்சினேன். காப்பி ஆறுவதற்குள் வரைந்து கொடுத்தார். அச்சடித்த மாதிரி இருந்தது.

மறுநாள் டீச்சர் அதைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டார்.

"செம்பருத்திக்குத் திருகு இதழமைவு. இது எந்த ஊர்ப் பூ?"

கையெழுத்துக் கிடைக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அப்பாவுக்கோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"இருவது வருசமா பூ போட்டுகினு இருக்கறேன். என் பூவுல இன்னா தப்பு?"

வாசல் செடியில் விரியவிருந்த மொட்டைப் பறித்துவந்து புல்லியை உரித்தார். ஒவ்வொரு இதழும் ஒரு விளிம்பால் அடுத்ததை மூடி, மறு விளிம்பை இன்னொன்றின் அடியில் ஒளித்திருந்தது. வட்டமாக நிற்கும் பிள்ளைகள் முன்னவர் தோளில் கை போட்ட மாதிரி. சேலைப் பூவில் பாதியை வரைந்து, தாளை மடித்து மறுபாதியை ஒற்றி எடுப்பதுதான் தொழில் வழக்கம். என் நோட்டிலும் அவர் கை தானாக இரண்டு பாதியையும் ஒரே மாதிரி வரைந்திருந்தது.

"இத்த மடிச்சா சேராதே!" என்று சிரித்தார். "நீயே போடும்மா. கோணலா இருந்தா இருந்துட்டுப் போவுது."

கோணலாகத்தான் வந்தது. ஆனாலும் இதழெல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. டீச்சர் கையெழுத்துப் போட்டார். தேர்வும் நன்றாகவே முடிந்தது.

சில வாரம் கழித்து அப்பா புதுச் சேலைக்கான கிராப் தாளை என் முன் நீட்டினார். மடிக்காமல் முழுதாக வரைந்த செம்பருத்தி. கையில் சிவப்புப் பேனாவும் இருந்தது.

"தப்பு எதுனா இருக்குதா பாரு."

ஐந்து இதழையும் விளிம்பு விளிம்பாகப் பார்த்தேன். தப்பில்லை. குறும்பாக, டீச்சரைப் போலவே ஓரத்தில் 'சரி' எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அப்பா அதை அழிக்கவில்லை. அப்படியே முதலாளியிடம் எடுத்துப் போனார்.