ஸ்பீடு பிரேக்கருக்கு எறங்காத வண்டி

எனக்கு எழுபத்திரெண்டு முடிஞ்சி மூணு நடக்குது. நாலு பிள்ளை பெத்தேன், நாலையும் ஆளாக்கினேன். செத்துப்போன நாத்தனாரோட பிள்ளை ஒண்ணு, அதையும் சேர்த்தா அஞ்சு. அஞ்சு பேரையும் இடுப்புல தூக்கிக்கினு நடந்தவ நான். இதை ஏன் மொதல்லயே சொல்றேன்னா, என்னை யாரோ தூக்கி எறக்கற நெலமை எனக்கு இன்னும் வரல. வண்டி அவ்வளோ தாழ்வா இருந்தா அதுக்கு நான் இன்னா பண்றது.

வண்டின்னு சொன்னது என் கடைசிப் பையனோட சிவப்பு கார். எங்க ஊரு விழுப்புரத்துலேந்து உள்ள தள்ளி இருக்குது. அவனுக்கு திண்டிவனத்துல பம்புசெட்டு விக்கற கடையில வேலை. கல்யாணத்துக்கு முன்னாடி, கையில மொதமொத நாலு காசு நின்னப்ப வாங்கின கார் அது. பின்னாடி ஒரு வால் மாதிரி தூக்கிக்கினு இருக்கும். வாங்கினப்ப ஒழுங்கான ஒசரத்துலதான் இருந்துச்சாம். இவன் புதுச்சேரிக்கு ஓட்டிக்கினு போயி, யாரையோ புடிச்சி கீழ எறக்கிட்டான். ஏண்டா எறக்கினன்னு கேட்டா, "அப்பதாம்மா ரோட்ட புடிச்சிக்கினு போவும்"ன்னான். எங்க தெருவுல மேயற பெட்டைக் கோழி அந்தக் காரைவிட ஒசரம்.

டிக்கியத் தெறந்தா ஒரு மல்லாட்டை மூட்டை, அதான் வேர்க்கடலை, வைக்க எடம் கெடையாது. அங்க ஒரு கறுப்புப் பொட்டி. பாட்டு போட்டா அதுலேந்துதான் சத்தம் வரும். நெஞ்சுக்குள்ள யாரோ உலக்கை போடற மாதிரி இருக்கும். ஒருநாள் தொடைக்கறதுக்குன்னு அந்தப் பொட்டிய வெளிய எடுத்து வாசல்ல வச்சிருந்தான். மேல மட்டமா, நல்ல பலகையா இருக்குதேன்னு நான் வடகத் தட்டைக் கொண்டாந்து அது மேல வச்சேன். எங்கேந்துதான் வந்தானோ, ஓடியாந்து தட்டைத் தூக்கிட்டான். "அது மேல எதையும் வைக்காதம்மா. நீ கை வச்சாலே எனக்கு பக்குன்னுது." சாமி படத்தைத் தொடைச்சி வைக்கற மாதிரி தொடைச்சி உள்ள வச்சான். என்னைக்காவது சாமி படத்தை அப்படித் தொடைச்சிருக்கானான்னு கேட்டா, அது வேற கதை.

பேரன் பொறந்து, மருமகளையும் கொழந்தையையும் அழைச்சிக்கினு வர பிரம்மதேசத்துக்குப் போனோம். அவ அம்மா வீடு அங்க. அன்னைக்குத்தான் அந்தக் கார்ல மொதமொத அவ்வளோ தூரம் போனேன். உக்கார்றது ஒண்ணும் கஷ்டம் இல்ல. முட்டி மடங்கினதும் பொத்துன்னு விழுந்தா சீட்டு. எழுந்துக்கறதுதான் பேஜாரு. அதுவும் ஒருதரம் எழுந்தா போதுமா? ஸ்பீடு பிரேக்கர் வந்தா அந்த வண்டிக்கு வயிறு தட்டும். பாரம் இருந்தா ஏறாது. அதனால ஸ்பீடு பிரேக்கருக்கு முன்னாடி நிறுத்தி, "எல்லாரும் எறங்கு"ம்பான். எறங்கணும். அவன் மட்டும் கோணலா, நத்தை மாதிரி ஏத்தி எறக்கி அந்தாண்ட நிப்பான். நாம நடந்து போயி மறுபடியும் ஏறணும். போற வழியில மூணு இருந்துச்சி. மூணுக்கும் எறங்கினேன். மூணாவதுல பக்கத்துக் கொல்லையில பொம்பளைங்க மல்லாட்டை புடுங்கிக்கினு இருந்தாங்க. அதுல ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, "இன்னா பெரியம்மா, காரை நடத்திக்கினு போறீங்களா, கார் உங்கள நடத்திக்கினு போவுதா?"ன்னா. எல்லாம் சிரிச்சாளுங்க. எங்க வீட்டுக்காரரும் சேர்ந்து சிரிச்சாரு. அவருக்கு என்ன, டிராக்டர் மட்கார்டு மேல உக்காந்து போயி பழகின ஆளு.

அதைக்கூட விட்டுடுவேன். பிரம்மதேசத்துல சம்பந்தி வீட்டு வாசல்ல ஆரத்தித் தட்டோட நிக்கறாங்க, தெருவே பார்க்குது, என்னால எழுந்துக்க முடியல. பையன் ஒரு கை, சம்பந்தி ஒரு கை. கெணத்துலேந்து வாளி இழுக்கற மாதிரி இழுத்தாங்க. சம்பந்தியம்மா, "மெதுவா, மெதுவா, பெரியவங்க"ன்னாங்க. அவங்களும் என் வயசுதான்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிட்டேன். "இனிமே உன் கார்ல நான் கால் வைக்க மாட்டேன். என் காலால ஏறி, என் காலால எறங்கற வண்டி எதுவோ அதுல வர்றேன். இல்லாட்டி பஸ் இருக்குது." பையன் சிரிச்சான். நான் சொன்னா சொன்னதுதான்னு மருமகளுக்குத் தெரியும். அவ சிரிக்கல.

கொழந்தைக்குப் பதினோராம் மாசம் மொட்டை போடணும். எங்க குலதெய்வம் வல்லத்துக்கு அந்தாண்ட ஒரு ஏரிக்கரையில இருக்குது. விழுப்புரத்துலேந்து பஸ்ல போனா செஞ்சியில மாறி, வல்லத்துல எறங்கி, மீதி தூரம் நடக்கணும். எங்க வழக்கத்துல அங்க பொங்கல் வச்சா, ஒலையில மொத அரிசி வீட்டுக்கு மூத்த பொம்பளை கையாலதான் விழணும். அது நான். நான் போய்ச் சேர்றதுக்குள்ள ஒலை கொதிச்சி அடங்கிடும்.

"அத்தை வராம மொட்டை இல்ல"ன்னுட்டா மருமக. "கொழந்தை, பால் பாட்டிலு, துணிமூட்டை, மாமா, அத்தை, பெரியவர் வீட்டுப் பொண்ணு, இவ்வளோ பேரும் உங்க கார்ல எங்க ஏறுவோம்? வால் மேலயா?" நல்லா கேட்டா. இதை வித்துட்டு ஏழு பேர் போற வண்டி ஒண்ணு எடுக்கறதுன்னு முடிவாச்சி. பையன் "சரி"ன்னான். சொன்ன சத்தம் எனக்குத்தான் கேட்டுச்சி, பக்கத்துல உக்காந்திருந்தேன்.

இங்கதான் ஒரு வேடிக்கை. எங்க வீட்டுல நாள் கிழமை பார்க்கறது நான் ஒருத்திதான். காலண்டர்ல தேதி கிழிக்கறதோட சரி இவன். ராகு காலத்துல பொண்ணு பார்க்கக் கெளம்பினவன். அப்பேர்ப்பட்டவன், காரைக் கேட்டு விழுப்புரத்துலேந்து ஒரு தம்பி வந்தப்ப சொல்றான்: "இன்னைக்கு செவ்வாக்கெழமை. வீட்டுப் பொருளைக் குடுத்தா அம்மா திட்டுவாங்க." அந்தத் தம்பி வெள்ளிக்கெழமை வந்துச்சி. "வெள்ளிக்கெழமை லட்சுமிய வெளிய அனுப்பக் கூடாது." அடுத்து வந்தப்ப அஷ்டமி. அதுக்கு மறுநாள் நவமி. அப்புறம் கரிநாள்னு ஒண்ணு சொன்னான் பாரு, எனக்கே அன்னைக்குக் கரிநாள்னு தெரியாது. உள்ள போயி காலண்டரைப் பார்த்தேன். கரிநாள்தான். நாலு மாசத்துக்கு ஆகாத நாளா பார்த்து பென்சில்ல கோடு போட்டு வச்சிருக்கான்.

மறுநாள் சாப்பிட உக்காந்தப்ப, கேப்பைக் களிய உருட்டி வச்சிட்டு மெதுவா சொன்னேன். "வர்ற புதன்கெழமை நல்ல நாளு. காலையில ஒம்பதே காலுக்கு மேல நல்ல நேரம். நான் பார்த்துட்டேன். உன் பென்சிலு அங்க ஓடல."

களிய முழுங்க முடியாம தண்ணி குடிச்சான்.

புதன்கெழமை கார் போச்சி. அந்தத் தம்பி ஏறி உக்காந்து முடுக்கினதும் தெருவுல ஒரு பொகை. இவன் மொனை வரைக்கும் நடந்து போயிட்டு வந்தான். வந்தவன் கண்ணு சரியில்ல. நான் அதைப் பார்க்காத மாதிரி மல்லாட்டை உரிச்சிக்கினு இருந்தேன். எங்க வீட்டுல ஒரு எருமை வித்த அன்னைக்கு அவங்க அப்பாவும் இப்படித்தான் மொனை வரைக்கும் போனாரு. அந்தக் கறுப்புப் பொட்டிய மட்டும் குடுக்கல. "வாங்கறவனுக்குப் பாட்டு புடிக்காதாம்மா"ன்னு சொல்லி உள்ரூம்ல துண்டு போட்டு மூடி வச்சிட்டான்.

மறு வாரம் வியாழக்கெழமை புது வண்டி வந்துச்சி. வெள்ளை கலரு, ஸ்கூல் வேனுக்குத் தம்பி மாதிரி. மூணு வரிசை சீட்டு. டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சி, பூசணிக்காய் உடைச்சி, சூடம் காட்டினோம். "மொதல்ல அம்மா ஏறட்டும்"ன்னான். தெருவே நின்னுச்சி. நான் முந்தானைய இழுத்துச் செருகிக்கினு கால் தூக்கினேன்.

கால் போவல.

அது கீழ பள்ளம்னா இது மேல மச்சு. படி ஒண்ணு இருக்குது, அதுவே என் முட்டி ஒசரம். எத்தனை மாசமா பெரிய வண்டி, பெரிய வண்டின்னு சொன்னவ நான். இப்ப இதுலயும் ஏற முடியலன்னு எப்படிச் சொல்றது? கால எறக்கிட்டு, "இப்ப எமகண்டம். அப்புறம் ஏறுறேன்"ன்னேன்.

பையன் என்னைப் பார்த்தான். "வியாழக்கெழமை எமகண்டம் காலையில ஏழரையோட முடிஞ்சிடும்மா. இப்ப மணி பத்தரை."

நாலு மாசக் காலண்டரைப் படிச்சவன் ஆச்சே. எங்க கத்துக்கிட்டான்னு நான் கேக்கவும் முடியல.

ஞாயித்துக்கெழமை மொட்டை. அன்னைக்கு விடியறதுக்குள்ள எல்லாம் குளிச்சி, பொங்கப் பானை, கரும்பு, வெறகு எல்லாம் வண்டியில ஏத்தியாச்சி. ஏத்தாதது நான் ஒருத்திதான். பையன் கை நீட்டினான். கையப் பார்த்தேன், அவன் மடக்கிக்கினான். மருமக உள்ள ஓடி கல்யாண மணையத் தூக்கியாந்தா. அது மேல என் பிள்ளைங்க எல்லாம் பொண்ணு மாப்பிள்ளையா உக்காந்திருக்குதுங்க, அதுல நான் செருப்புக் கால வைப்பேனா? "வேணாம்மா"ன்னேன். வீட்டுக்காரரு மரக்காலைக் கவுத்து வச்சாரு. நெல்லு அளக்கற மரக்கால மிதிக்கச் சொல்ற ஆளை இப்பதான் பார்க்கறேன்னேன். பெரியவன் பொண்ணு, என் பேத்தி, புத்தகத்தை அடுக்கிக்கினு வந்தா. புத்தகத்தை மிதிச்சா படிப்பு வருமா? போன்னேன். பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டாங்க. அது மேல ஒரு கால் வைச்சதும் ஒரு பக்கம் மண்ணுல எறங்கி ஆடுச்சி.

"நீங்க போங்க. நான் பஸ்ல வர்றேன்"ன்னேன். சத்தமா சொல்லல. மருமக கொழந்தைய எறக்கி இடுப்புல வச்சிக்கினு, "அப்ப நானும் பஸ்லதான்"ன்னா. வீட்டுக்காரரு வாயில வெத்தலையோட வாசப்படியிலயே உக்காந்துட்டாரு. ஒரு பயலும் வண்டியில ஏறல.

பையன் உள்ள போனான். கொஞ்ச நேரம் கழிச்சி வந்தான். கையில அந்தக் கறுப்புப் பொட்டி. மேல இருந்த துண்டை எடுத்துட்டு, வண்டிக் கதவுக்கு நேரா தரையில வச்சான். ஆடல. படிக்கும் தரைக்கும் நடுவுல அளவெடுத்த மாதிரி நின்னுச்சி.

நான் பொட்டியப் பார்த்தேன். அவனைப் பார்த்தேன். "வடகத் தட்டே வைக்கக் கூடாதுன்ன."

"வடகந்தாம்மா வைக்கக் கூடாது. எண்ணெய் படும்."

"கால வச்சா பாடுமாடா?"

"ஒயரப் புடுங்கிட்டேன். ஜல்தி ஏறும்மா, மொட்டை போடறவரு காத்துக்கினு இருப்பாரு."

சாமி மேடை ஏறுறப்ப தொட்டுக் கும்பிடுவோமே, அப்படி அந்தப் பொட்டியத் தொட்டு கண்ணுல ஒத்திக்கினேன். மருமக வாயப் பொத்திக்கினு சிரிச்சா. பையன் தலையக் குனிஞ்சிக்கினான், சிரிப்பா வேற ஏதாவதான்னு தெரியல. ஒரு கால் பொட்டி மேல, ஒரு கால் படியில, மூணாவது அடியில நடு சீட்டுல உக்காந்துட்டேன். யாரும் கை குடுக்கல. வண்டிக் கைப்பிடியத்தான் புடிச்சேன், அது கணக்குல வராது.

பொட்டி டிக்கிக்கே போச்சி. அதுக்குப் பழகின எடந்தான்.

செஞ்சி ரோட்டுல போய்க்கினு இருக்கறப்ப ஒரு ஸ்பீடு பிரேக்கர் வந்துச்சி. வண்டி நின்னுது. பையன் சும்மா ஸ்டேரிங்க புடிச்சிக்கினு இருக்கான். மருமக கதவத் தெறந்து, கொழந்தையோட ஒரு கால கீழ வச்சிட்டா. வீட்டுக்காரரு முன் சீட்டுல பெல்ட்டை அவுத்துக்கினு இருக்காரு. பேத்தி செருப்பு தேடறா. நான் மட்டும்தான் நவராம உக்காந்திருந்தேன்.

"எதுக்குடா நிறுத்தின?"ன்னு கேட்டேன்.

அப்பறம்தான் அவனுக்கு உறைச்சிச்சி. மருமக கால உள்ள இழுத்துக்கினா. வீட்டுக்காரரு பெல்ட்டை மறுபடியும் மாட்டத் தெரியாம கையில புடிச்சிக்கினே வந்தாரு. வண்டி ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி எறங்குச்சி. வயிறு தட்டல. ஒரு ஆள் எறங்கல. அந்தச் சின்ன மேட்டைத் தாண்டினதுக்கு வண்டி முழுக்க சிரிச்சோம், கொழந்தை என்னமோ ஏதோன்னு அழுதுச்சி.

கோயிலுக்கு எதிர்ல பொட்டிய எடுத்து அவனே தரையில வச்சான். நான் என் காலால எறங்கினேன். பிரம்மதேசத்துலேந்து சம்பந்தியம்மா வந்து நின்னுக்கினு இருந்தாங்க, ரெண்டு கையையும் நீட்டிக்கினு முன்னாடி வந்தாங்க. நீட்டின கையில பூக்கூடையக் குடுத்தேன். ஒலை அப்பதான் கொதிக்க ஆரம்பிச்சிது. மொத அரிசி நான் போட்டேன்.

திரும்பி வர்றப்ப சம்பந்தியம்மாவையும் பிரம்மதேசத்துல விட்டுட்டு வரலாம்னு வண்டியில ஏத்தினோம். அவங்களுக்கும் படி எட்டல. "பொட்டி இருக்குது, மெதுவா, மெதுவா, பெரியவங்க"ன்னேன்.

அவ்வளோதான் பாப்பா, பேத்தின்னு சொன்னது உன்னைத்தான், எழுதிட்டியா? எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்குள்ள பொழுது போயிடும். நீயே மொதல்லேந்து ஒருதரம் படி. உன் சித்தப்பன் வாசல்ல வண்டி தொடைச்சிக்கினு இருக்கான். அந்தக் காலண்டர்ல பென்சில் கோடு போட்ட எடம் வந்தா மட்டும் கொஞ்சம் சத்தமா படி.