மயானத்திலிருந்து வந்த பட்டிப்பூ

என் வெள்ளவத்தை வீட்டு பல்கனியில், பழைய பெயின்ட் வாளி ஒன்றில் பட்டிப்பூச் செடி நிற்கிறது. நித்தியகல்யாணி என்றும் சொல்வார்கள். மயானத்துப் பூவை வீட்டில் வைக்கலாமா என்று மருமகள் முணுமுணுப்பாள். வைக்கலாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

இளவயதில் நான் கொட்டாஞ்சேனையில் இருந்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு ஓர் ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவும் வேலை. அங்கே டொக்டர் மிஸ் பட்டிப்பூ இலையிலிருந்து மருந்துச் சத்தைப் பிரிக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். இரத்தப் புற்றுநோய் வந்த சின்னப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டில் இந்தச் செடியிலிருந்துதான் ஊசிமருந்து எடுக்கிறார்கள் என்று அவர் சொன்ன அன்று, எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலிக்கரையில் மிதித்து நடந்த செடி அல்லவா அது. ஆனால் மாத முடிவுக்குள் சத்தைக் காட்டாவிட்டால் அந்த ஆய்வையே நிறுத்திவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தோட்டக்காரர், வருடப்பிறப்புத் துப்புரவு என்று ஆய்வுகூட வாசலில் மிஸ் வளர்த்த பட்டிப்பூப் பாத்தி முழுவதையும் பிடுங்கி எரித்துவிட்டார். "சவக்காலைப் பூ மிஸ், கந்தோர் வாசலில சரியில்லை" என்றார், பெரிய நன்மை செய்துவிட்ட முகத்தோடு. மிஸ் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

அந்தச் செடி வேறெங்கே மண்டிக் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். சாக்கு ஒன்றை மடித்துக்கொண்டு பொரளை மயானத்துக்குப் பஸ் ஏறினேன். காவல்காரர் சிரித்தார்.

"பூ கொண்டு வாறவையைத்தான் கண்டிருக்கிறன். கொண்டு போறவளை இண்டைக்குத்தான் காணுறன்."

"செத்தவைக்குக் கொஞ்சம் விட்டிட்டுத்தான் போவன் அண்ணே. இது சீவனோட இருக்கிற பிள்ளையளுக்கு."

ஒவ்வொரு கல்லறையிடமும் சொல்லிவிட்டே பறித்தேன். ஆய்வுகூடத்தில் மயானத்துச் சாக்கைத் தொட ஒருவரும் வரவில்லை. நானே நிழலில் உலர்த்தி, நானே இடித்தேன். மிஸ் சொன்னபடி ஊறவைத்து, வடித்து, வற்றவைத்ததில், சாக்கு நிறைந்த இலை கடைசியில் ஒரு கரண்டிப் பசையானது.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது மிஸ் கூப்பிட்டார்.

"இஞ்ச ஓடி வாரும். நீர் கொண்டுவந்ததைப் பாரும்."

வெள்ளைத் தட்டில் அந்தப் பசையைத் தொட்டு வைத்து, சோதனைத் திரவம் தெளித்த இடத்தில் செம்மஞ்சள் பொட்டுகள் ஒவ்வொன்றாய் எழும்பி வந்தன. சத்து இருந்தால்தான் அந்த நிறம் வருமாம். சவர்க்கார நுரை வழியும் கையோடு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஆய்வு நிற்கவில்லை. அடுத்த மாதமே மலேரியாவுக்கு ஒரு மரப்பட்டை தேடி மிஸ் என்னைப் புறக்கோட்டைக் கடைத்தெருவுக்கு அனுப்பினார்.

அன்று சாக்கை உதறியபோது விழுந்த விதைகள் சிலவற்றை முந்தானையில் முடிந்து வந்தேன். அவற்றின் வழி வந்ததுதான் வாளியில் நிற்கிறது. மருமகளிடம் இதை இன்னும் சொல்லவில்லை. நான் எழுதிவைத்த இதை வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும்.