வேப்பமர நிழலில் நின்ற வேன்

போன கோடை விடுமுறையில் நான், என் கணவர், பதினோரு வயது மகள் மூவரும் பாளையங்கோட்டையிலிருந்து குலசேகரன்பட்டினம் கடற்கரைக்குப் போயிருந்தோம். சர்க்கரை நோயால் மகளுக்குச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூசி, உறவினர் வீட்டுக்குக்கூட வரமாட்டாள். அவளுக்காகவே என் கணவர் ஒரு பழைய வேனில் படுக்கை, தனி பேட்டரி, சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்து, கூரையில் சோலார் தகடும் பொருத்தியிருந்தார். இனி யார் வீட்டு வாசலையும் மிதிக்க வேண்டாம் என்பதில் மனிதருக்கு அத்தனை பெருமை!

முதல் நாளே தெருவோரம் நல்ல வேப்பமரமாகப் பார்த்து நிறுத்திவிட்டோம். நம் ஊர்க்காரர்கள் வண்டியை வெயிலில் விடுவார்களா? மறுநாள் மத்தியானம் கடலில் ஆடிவிட்டு வந்தால், ஃபிரிட்ஜ் அணைந்து கிடக்கிறது.

"நெழலு நமக்குத்தாம் நல்லது, தகட்டுக்கு ஆகாதுல்லா! வெயிலே படாம எங்கன சார்ஜ் ஏறும்?" என்று தலையில் கைவைத்தார் அவர்.

சார்ஜ் ஏறட்டும் என்று எஞ்சினை ஓட்டியும் பார்த்தார். பேட்டரி இறங்குவதுதான் சீக்கிரம், ஏறுவது பையத்தான். வேனுக்குள்ளோ அடுப்படிச் சூடு. கொண்டுவந்த மருந்தெல்லாம் கெட்டுப்போனால் பிள்ளைக்கு என்ன செய்வேன்? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எதிர்வீட்டிலிருந்து முக்காட்டைச் சரிசெய்தபடி ஓர் அம்மா வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அழாதியம்மா, அல்லா இருக்கான். வயரை நம்ம வீட்டுல சொருகுங்க. மருந்தை எங்கிட்ட தாங்க."

கணவர் ஜன்னல் வழியாக வயரை இழுத்து பேட்டரிக்கு சார்ஜ் போட்டார். எங்களை உள்ளே கூட்டிப்போய் அந்த அம்மா ஃபிரிட்ஜைத் திறந்தார். கதவுத் தட்டில், முட்டைகளுக்குப் பக்கத்தில், அவருடைய இன்சுலின் இருந்தது!

என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்த மகளைப் பார்த்துச் சிரித்தார். "எனக்கும் ஊசிதாம் மவளே. வா, ரெண்டு பேரும் சேந்து போட்டுட்டு மீன்சோறு சாப்பிடுவோம்."

அடுப்படியில் அவர் சாதாரணமாகப் போட்டுக்கொண்டதை மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தன் ஊசியை எடுத்தாள். கதவைச் சாத்தச் சொல்லவில்லை. 

பேட்டரி ஏற இருட்டிவிட்டது. கிளம்பவே மனமில்லை.

இப்போது எங்கே போனாலும் வேனை வெயிலில்தான் நிறுத்துகிறோம். மகள், அவள் சித்தி வீட்டுக் கல்யாணத்தில் பந்திக்கு முன் எல்லார் நடுவிலும் உட்கார்ந்து ஊசி போட்டுக்கொண்டாள். யார் வீட்டுக்கும் போக வேண்டாம் என்று கட்டிய வண்டியில் அன்று ஃபிரிட்ஜ் நின்றுபோனதே, அதை நினைத்து இன்றும் நான் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன்.